திரும்பிப் பார்க்காத ஊர்

மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். காட்டெருமைக்குக் காவல் இருக்கிற உத்தியோகம் என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மாரமங்கலம் போகிற பாதையில் பொழுது சாய்கிற வரைக்கும் நடந்து, ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்தபோதுதான் அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"அதா தெரியுது பாரு, அந்தச் சோலை பூராவும் நம்ம பொறுப்பு."

நம்ம பொறுப்பாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர்தான் கஞ்சி காய்ச்சி, உப்பு போட மறந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலையில் நல்ல நிலமாகப் பார்த்து துரைமார்கள் காப்பி போட்டுவிட்டார்கள். காப்பிக்கு ஆகாத செங்குத்தும் சேறும் சோலையும் ரிசர்வ் காடு ஆனது. ஒரு காலத்தில் சேர்வராயன் மலை முழுக்கக் காட்டெருமை மந்தை மந்தையாகத் திரிந்ததாம். பக்கத்து எஸ்டேட் பெரிய துரையின் பங்களா வராந்தாவைப் பார்த்தால் அவையெல்லாம் எங்கே போயின என்று தெரியும். சுவர் கொள்ளாமல் கொம்புகள். வயதான காலத்தில் அவருக்கே உறுத்தியதோ என்னவோ, இனி ஒன்றைக்கூடச் சுடக்கூடாது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். மேலிடமும் சரி என்றது. அப்போது இந்த ஒரு சோலையில் மட்டும் ஒரு சின்ன மந்தை மிச்சம் இருந்தது. எடுக்கிற வரைக்கும் எடுத்துவிட்டு, காலிப் பெட்டிக்குப் பூட்டு போட்டு, சாவியை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வேன். காலிப் பெட்டி இல்லை என்பார் அவர். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கமாட்டார்.

அந்த ஃபாரஸ்ட் கார்டு வீட்டில் இருந்துகொண்டு சும்மா சுவரைப் பார்த்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். நல்லவேளை, நான் எட்டாவது வரை படித்திருந்தேன். எஸ்டேட்காரர்கள் காப்பிப் பழம் உரிக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். அதற்கு என்னை டீச்சராகப் போட்டார்கள். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருந்த லயன் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள், எங்களை ஒட்டியிருந்த மலையூர்ப் பிள்ளைகளும் வந்தார்கள். ஊர் விஷயம் அத்தனையும் எனக்குப் பிள்ளைகள் வாயிலாகத்தான் வந்து சேரும்.

அந்த மலையூருக்குக் கிழக்கே ஒரு எல்லைக்கல் உண்டு. கல்லைத் தாண்டினால் ஃபயர் லைன். காட்டுத்தீ பரவாமல் இருக்க, கோடையில் மரம் செடியெல்லாம் வெட்டி வழித்துப்போட்ட அகலமான வெற்றுத் தரை அது. அதையும் தாண்டினால் சோலை. எங்கள் வீடு அந்த ஃபயர் லைனின் ஓரத்தில் இருந்தது. காப்பி பூக்கிற மழை இரண்டு பெய்துவிட்டால் அந்த வெற்றுத் தரை முழுக்க இளம்புல் முளைத்துவிடும். அந்தி நேரத்தில் சோலையிலிருந்து காட்டெருமைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து மேயும். முதல் தடவை பார்த்தபோது கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய உடம்பு, காலில் மட்டும் வெள்ளைத் துணி சுற்றியது போல. பயந்துதான் பார்த்தேன். ஆனால் மறுநாளும் அதே நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு விறகும் கீரையும் கொண்டுவந்து போடுகிறவள் அந்த மலையூர்க்காரி ஒருத்தி. என்னைவிட மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை, கொழுந்தன் வீட்டில் ஒரு மூலையில் இருந்தாள். புருஷன் சொத்து என்று அவள் பங்குக்கு வந்தது ஒரு சினைப் பசு. அதுவும் கன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டது. அந்தக் கன்றை ஆட்டுப் பாலும் ராகிக் கூழும் கொடுத்து வளர்த்தாள். நான் பார்க்கும்போது அது இளங்காளை, செவலை நிறம், இன்னும் நுகத்தடி ஏறாதது. கழுத்து மணி குலுங்க, நாய்க்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே வரும். விறகுக் கட்டை இறக்கிவிட்டு அவள் என்னோடு பேச உட்கார்ந்தால் அது எங்கள் வீட்டு வாசலில் தலையை நீட்டும்.

"உள்ள வந்து படுத்துக்கச் சொல்லுங்க, பாய் போடறேன்" என்பேன் நான்.

"அதுக்குக் கூச்சமுங்க டீச்சரம்மா" என்பாள், சிரிக்காமல்.

பங்குனியில் மலைக்கு வெக்கை வந்தது. மாட்டுக்கு வருகிற கொள்ளைநோய். கீழே சந்தையிலிருந்து ஏற்றிவந்த மாடுகளோடு வந்தது என்றார்கள். முதலில் எஸ்டேட்டில் மூட்டை இழுக்கிற வண்டி மாடுகள். கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, வாய் வெந்து, இரத்தமாகக் கழிந்து, நிற்கமாட்டாமல் விழுந்தன. மாட்டு டாக்டர் வந்து எஸ்டேட் மாடுகளுக்கு ஊசி போட்டார். மலையூருக்கு வருவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. ஊசி போட்டால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று ஊரார் பயந்துகொண்டு இருந்ததால் இரண்டு பக்கமும் நிம்மதியாக ஆளுக்கொரு வழியில் போய்விட்டார்கள்.

அந்த வாரம் ரேஞ்சர் குதிரையில் வந்தார். கையில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி. எந்தச் சோலையில் துப்பாக்கிச் சத்தமே கேட்கக்கூடாது என்று என் வீட்டுக்காரரைக் காவல் போட்டார்களோ, அதே சோலைக்கு.

"ஊர் மாடு எது காட்டுக்குள்ள காலு வெச்சாலும் சுட்டுரு" என்றார். "வேற மலையில இது காட்டெருமைக்குத் தொத்தி ஒண்ணுகூட மிஞ்சலை. இங்க இருக்கறதே இத்தனை. போச்சுன்னா போனதுதான்."

அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. அது மூலையில் சாத்திய துடைப்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. இந்த மனிதர் கோழி அறுத்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்.

ஊரில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் சொன்னார்கள். வெக்கை வந்தால் அந்த ஊரில் ஒரு வழக்கம். நுகத்தடி ஏறாத, ஊனம் இல்லாத இளங்காளை ஒன்றை எடுத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு வேப்பங்குழையால் தங்கள் மாட்டைத் தடவி, அதே குழையால் அந்தக் காளையைத் தடவுவார்கள். ஊர் நோய் மொத்தமும் அதன்மேல் ஏறிவிடும். பிறகு மேளத்தோடு கிழக்கு எல்லைக்கல்லுக்குக் கொண்டுபோய், காளைக்காரரே கயிற்றைவிட்டு காட்டுக்குள் விரட்ட வேண்டும். ஆத்தா அதன்மேல் ஏறிப் போய்விடுவாள். விட்ட கையோடு எல்லாரும் ஊரைப் பார்த்து நடக்க வேண்டும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஆத்தாளும் திரும்பிப் பார்ப்பாள், கூடவே வந்துவிடுவாள்.

ஊரில் அப்படிப்பட்ட காளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எது என்று நான் பிள்ளைகளைக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஊர்க்கவுண்டரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். ஊர்க்கவுண்டர் நல்ல மனிதர், உரத்த குரல், இரண்டு உழவு மாட்டில் ஒன்றை முந்தின நாள்தான் புதைத்திருந்தார்.

"நோய் மாட்டைக் காட்டுக்குள்ள உட்டீங்கன்னா அங்க இருக்கறது அத்தனையும் செத்துப்போயிருமுங்க" என்றார் இவர்.

"ஏனுங்க கார்டு, உங்க மந்தைய நீங்க பாருங்க, எங்க மந்தைய நாங்க பாக்கறமுங்க."

"வேற பக்கம் அனுப்பக் கூடாதுங்களா?"

"மேக்க எஸ்டேட்டு. தெக்கயும் வடக்கயும் வேற ஊருங்க. அவிய எல்லையில நோயைக் கொண்டுபோயி உட்டா வெட்டுக்குத்து ஆயிப்போயிருமுங்க. கெழக்கதான் ஆரும் இல்லீங்களே."

கிழக்கே யாரும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, வம்புக்கும் சொல்லவில்லை. அவர் கணக்கில் கிழக்கே யாரும் இல்லைதான். துரையின் கணக்கில் ஒரு காலத்தில் மலையிலேயே யாரும் இல்லை. எங்கே யாரும் இல்லை என்று நினைக்கிறோமோ அங்கேதான் நம் நோயைத் தள்ளிவிடுகிறோம் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் மட்டும்தான் வந்தது. அந்தக் கோபமும் அவர் வீட்டுத் தொழுவத்தில் நின்ற ஒற்றை மாட்டைப் பார்த்ததும் பாதி ஆகிவிட்டது.

காளையை அனுப்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். விறகு இல்லை, கீரை இல்லை. காளையும் இல்லை. ஊர்க் கொட்டிலில் கட்டிவிட்டார்களாம். வாசற்படியில் உட்கார்ந்து மூலையில் இருந்த துப்பாக்கியையே பார்த்தாள்.

"உங்கூட்டுக்காரரு நெசமாலுமே சுட்டுருவாருங்களா, டீச்சரம்மா?"

"உத்தரவு அப்படிக்கா."

"கயித்தோட இருந்தாலுமுங்களா?"

"கயித்தோட ஆளு நிக்கறப்ப எவனாவது சுடுவானா?" என்றேன், என் எரிச்சலில். ஏதோ பேச்சுக்குச் சொன்னது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையிலேயே மேளச் சத்தம் கேட்டது. நானும் என் வீட்டுக்காரரும் ஃபயர் லைனுக்கு இந்தப் பக்கம், சோலை ஓரத்து மரங்களுக்குக் கீழே நின்றோம். அவர் கையில் துப்பாக்கி. சோலைக்குள் சேற்றுமடுவில் அந்த நேரத்தில் மந்தை தண்ணீர் குடிக்கும். காளை சோலைக்குள் புகுந்தால் நேராகத் தண்ணீருக்குத்தான் போகும். அதற்குள் அவர் சுட்டாக வேண்டும்.

ஊரே வந்தது. முன்னால் மேளம், அதன் பின்னால் செவலை, உடம்பெல்லாம் மஞ்சள், கழுத்தில் வேப்பிலை மாலை. அதன் மணியைக் கழற்றியிருந்தார்கள். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்லண்டை வந்ததும் மேளம் நின்றது. கற்பூரம் காட்டினார்கள். ஊர்க்கவுண்டர் குரல் மலை முழுக்கக் கேட்டது.

"திரும்பு! ஆரும் திரும்பிப் பாக்காதீங்க!"

ஊர் மொத்தமும் முதுகைக் காட்டி நடந்தது. ஆணும் பெண்ணும் இடுப்பில் குழந்தையை வைத்திருந்தவளும், ஒருத்தர் தலையும் அசையவில்லை. கல்லுக்கு அருகில் அக்காவும் செவலையும் மட்டும். அவள் கயிற்றை விடுவாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து தன் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு கயிற்றோடு காளையை நடத்திக்கொண்டு, அவளும் கல்லைத் தாண்டினாள்.

ஊர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாதே!

அவள் எங்களை நோக்கி வந்து ஃபயர் லைன் நடுவில் நின்றாள்.

"கயித்தை உட்டுட்டு நீங்க போங்க அக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"உட்டா நீங்க சுட்டுருவீங்க. உடலீனா சுடமாட்டீங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

"இது ரிசர்வ் எல்லை" என்றார் என்னிடம். "ஃபயர் லைனும் காட்டுல சேர்ந்ததுதான். உத்தரவு உத்தரவுதான்."

"காடுன்னா மரம் இருக்கணும். இங்க ஒரு குச்சி இருக்கா பாருங்க" என்றேன். "நீங்களே ஆள் வெச்சு வழிச்சுப் போட்டீங்க. இது ஊரும் இல்லை, காடும் இல்லை. இங்க நிக்கற மாட்டைச் சுட எந்த உத்தரவு இருக்குது? அப்படிச் சுடணும்னா என்னைத் தாண்டிச் சுடுங்க." இப்படியெல்லாம் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் துப்பாக்கியை ஒரு மரத்தில் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்கு எல்லைக்கல் பக்கமாக ஒரு குடிசை கட்டிக்கொடுத்தோம். மூங்கில் தட்டியும் காட்டுப்புல்லும். காளையைக் கல்லை ஒட்டி முளையடித்துக் கட்டினோம். மடுவுத் தண்ணீரை அது தொடக்கூடாது என்று நானும் அவரும் குடம் குடமாகச் சுமந்தோம். திரும்பும்போது சுண்ணாம்புத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொள்ளச் சொல்லியிருந்தார் மாட்டு டாக்டர். எனக்குப் பாதமெல்லாம் வெடித்துவிட்டது. அதற்காகவும் நான் என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

அந்தி வந்தது. சோலையிலிருந்து முதல் காட்டெருமை வெளியே வந்தது, வழக்கம் போல இளம்புல்லுக்கு. என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. காளையைக் காட்டுக்குள் போகாமல் நிறுத்தினோம். காடு காளையைத் தேடி வந்தால் என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பின்னால் இன்னும் இரண்டு வந்தன. நாங்கள் விழித்துக்கொண்டு நிற்கும்போதே தடதடவென்று ஒரு சத்தம். அக்கா மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கழியால் அடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"போ அக்கட்டால! என்ற மாட்டைக் குத்திப்போட்டீனா உன்ற கொம்பை ஒடைச்சுப்போடுவேன், போ!"

அவ்வளவு பெரிய உருவங்கள் மிரண்டு திரும்பிச் சோலைக்குள் ஓடின.

அன்றிலிருந்து அந்தி தவறாமல் டின் சத்தம். மந்தை அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டது. சோலையின் மறுபக்கத்துச் சரிவில் மேய ஆரம்பித்ததாக என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. ரேஞ்சருக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று. அக்கா காட்டெருமையைக் காப்பாற்ற டின் அடிக்கவில்லை. அவற்றைக் கண்டால் அவளுக்கு ஆகாது. தன் செவலையை முட்டிவிடும் என்று விரட்டினாள், அவ்வளவுதான். பின்னாளில் காட்டைக் காப்பது பற்றிப் பெரிய பெரிய பேச்செல்லாம் கேட்டிருக்கிறேன். கேட்கிறபோதெல்லாம் எனக்கு அந்தத் தகர டின்தான் ஞாபகம் வரும்.

ஊரில் மாடு சாவது நிற்கவில்லை. ஒருநாள் ஊர்க்கவுண்டர் எல்லைக்கல்லுக்கு வந்தார். கல்லைத் தாண்டிவிட்டதால் அக்காவைப் பார்க்கக்கூடாது, அனுப்பிவைத்த காளையையும் பார்க்கக்கூடாது. அதனால் ஊரைப் பார்த்து முகத்தை வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார்.

"ஏ அம்மிணி, கேக்குதா?"

"கேக்குதுங்க மாமா" என்றாள் இவள், அவர் முதுகைப் பார்த்து.

"கயித்தை உட்டுரு சாமி. நீ புடிச்சுட்டு நிக்கறதால ஆத்தா போகாம நின்னுட்டாங்கறாங்க. என்ற இன்னொரு மாடும் படுத்துருச்சு. உன்ற கொழுந்தன் மாடும் படுத்துருச்சு. ஊரே உன்னையத்தான் பேசுது."

"உட்டா சுட்டுருவாங்களே மாமா."

"ஒரு மாட்டுக்காக ஊரை உட்டுப்போட்டயே, கண்ணு."

அவர் திரும்பாமலே நடந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கண்ணு என்று சொன்னதில் உடைந்துபோனாள். குடிசைக்குள் போய் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா டீச்சரம்மா?" என்றாள். விட்டால் காளை போகும். விடாவிட்டால் ஊர் போகும். இனி அந்த ஊரில் சாகிற ஒவ்வொரு மாடும் அவள் தலையில்தான் விழும். நாளைக்குக் கூழ் கொஞ்சம் கெட்டியாகக் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னேன். சில நேரம் என் புத்தி அவ்வளவுதான்.

அதற்குப் பின் செவலைக்கே வெக்கை கண்டது. வேப்பங்குழையால் அத்தனை நோய் மாட்டின் எச்சிலையும் தடவினால் வராமல் என்ன செய்யும்? காது தொங்கிப்போனது. வாயெல்லாம் புண். நான் பள்ளிக்கூடத்தை மதியத்தோடு விட்டுவிட்டு ஓடி வருவேன். அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூங்கில் குழாயால் கூழை ஊற்றி, வாயைத் துடைத்து, மறுபடி ஊற்றுவாள். அது கழிந்துகொண்டே இருந்தது. கழற்றிய மணியைத் தன் மடியில் கட்டி வைத்திருந்தாள் போல. அதை எடுத்து மறுபடி அதன் கழுத்தில் கட்டினாள். மணி அசைகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று கண்ணை மூடினாலும் தெரியுமாம்.

என் வீட்டுக்காரர் சற்றுத் தள்ளி ஒரு குழி வெட்டினார். ஆழமாக, அடியில் சுண்ணாம்பு போட்டு. செத்தால் உடனே புதைத்தாக வேண்டும், அது அவர் கவலை. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அதுவரைக்கும் அவரிடம் குரல் உயர்த்தாதவள், "உசுரு இருக்கறப்பவே குழி வெட்டறீங்களா? உங்கூட்டுல ஆராச்சும் சீக்கா இருந்தா வெட்டுவீங்களா?" என்று கத்தினாள். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குழியின் மேல் தழையை வெட்டிவந்து மூடினார்.

வெக்கை வந்து பிழைக்கிற மாடு அபூர்வம், ஆனால் உண்டு. ஒருநாள் நான் வரும்போது செவலை முன்னங்காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்தது. மறுபடி பார்த்தது. நின்றுவிட்டது. எலும்பும் தோலுமாக, நான்கு காலும் நடுங்க நின்று, அக்கா தலையில் சொருகியிருந்த காட்டுப்பூவைப் பிடுங்கித் தின்றது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இனி இதற்கும் வராது, இதனால் எதற்கும் வராது என்றார்.

அதே சமயத்தில் ஊரிலும் சாவு நின்றது. சாகிற மாடெல்லாம் செத்து முடிந்துவிட்டது என்பதுதான் உண்மை. ஆத்தா போய்விட்டாள் என்றது ஊர். இருக்கட்டும். சேர்வராயன் திருவிழாவுக்கு முன்னால் அவளை அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்து ஊர்க்கவுண்டர் மறுபடியும் கல்லண்டை வந்து, மறுபடியும் முதுகைக் காட்டிச் சொன்னார். அவள் தலை முழுகிவிட்டு வரலாம். ஆனால் கல்லைத் தாண்டி அனுப்பியது திரும்பி வரக்கூடாது. அதை இங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

அவள் ஒத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். இத்தனை பாடும் எதற்கு? "விடவா இத்தனை நாள் புடிச்சுட்டு நின்னீங்க?" என்றேன்.

"இப்ப உட்டா சுட மாட்டாங்களே டீச்சரம்மா" என்றாள். "அது பொழைச்சிருக்குது. எங்கியோ மேஞ்சுட்டுப் போகுது. எனக்கும் ஒரு ஊரு வேணுமுங்களே."

காலையில் ஊர் வந்தது. கொஞ்சம் பேர்தான், மேளம் இல்லை. கல்லண்டை வந்ததும் எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். அக்கா ஈரத் தலையோடு செவலையின் கயிற்றை அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டி எல்லைக்கல்லின்மேல் வைத்தாள். அதன் நெற்றியைத் தொடக்கூட இல்லை. தொட்டால் போகமுடியாது என்று தெரிந்திருக்கும். கல்லைத் தாண்டி, அவர்களோடு சேர்ந்து ஊரைப் பார்த்து நடந்தாள். அவள் தோள் இரண்டும் குலுங்கின.

செவலை நின்ற இடத்திலேயே நின்றது. ஒருமுறை கத்தியது. யாரும் திரும்பவில்லை. சோலை பக்கம் பார்த்தது, எங்களைப் பார்த்தது. பிறகு கழுத்தை ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கல்லைத் தாண்டி அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தது.

மணிச் சத்தம் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. நடை ஒரு கணம் தடுமாறியது. அவள் கொழுந்தன் கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"ஆரும் திரும்பிப் பாக்கக் கூடாது!" என்று ஊர்க்கவுண்டர் கத்தினார். நோயை அனுப்பிய அன்றைக்குக் கத்தியதைவிடப் பெரிதாக. "நேரா நடங்க! பொறத்தாண்ட என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது!" அவர் குரல் நடுவில் உடைந்தது. அக்காவும் திரும்பவில்லை. அவள் நடை மட்டும் மெதுவானது, எலும்பும் தோலுமான ஒரு மாடு எட்டிப்பிடிக்கிற அளவுக்கு. எங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் பாதை வளைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர், காளை கட்டியிருந்த இடத்தில் தழையைப் போட்டு எரித்துவிட்டு, குழியை மண்போட்டு மூடினார். பிறகு சில நாள் கழித்து, அந்தியில் டின் சத்தம் இல்லை என்று நம்பிக்கை வந்ததோ என்னவோ, மந்தை பழையபடி புல்லுக்கு வெளியே வந்தது. கூட ஒரு புதுக் கன்றும் இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். நானும் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

ஆடியில் மழை பிடித்து ஊரில் உழவு தொடங்கியது. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வழியில் ஊர்க்கவுண்டர் தன் புன்செய்க் காட்டில் உழுதுகொண்டிருந்தார். அவர் மாடு இரண்டும் போய்விட்டதே, எதைப் பூட்டியிருக்கிறார் என்று நின்று பார்த்தேன். ஒரு பக்கம் யாரிடமோ வாங்கிவந்த கிழட்டு மாடு. மறுபக்கம் நன்றாகச் சதை பிடித்து, கழுத்தில் அதே மணியோடு, செவலை. வரப்பில் அக்கா கூழ்ச்சட்டியோடு உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க, இது கல்லைத் தாண்டி அனுப்பிச்ச அந்தக் காளைதானுங்களே?" என்று கேட்டேன்.

ஊர்க்கவுண்டர் ஏரை நிறுத்தினார். செவலையின் முதுகில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டார்.

"எனக்கெப்படித் தெரியுமுங்க டீச்சரம்மா?" என்றார். "நான்தான் திரும்பிப் பாக்கவே இல்லீங்களே."